சில்லுக் குவியலின் செல்வாக்கு

போக்கர்ப் போட்டியில் ஆட்டக்காரர்களுக்கு முன்னே வண்ண வண்ணமாக அடுக்கி வைத்திருக்கும் வட்டச் சில்லுகளின் மீது ஆயிரம், ஐயாயிரம், லட்சம் என்று எத்தனை பெரிய எண் பொறித்திருந்தாலும், அந்த மண்டபத்துக்கு வெளியே அவற்றுக்கு ஒரு தம்பிடி மதிப்பும் கிடையாது. பாதி ஆட்டத்தில் எழுந்து போய்க் காசாளரிடம் நீட்டிப் பணமாக மாற்றிக்கொள்ளவும் முடியாது. நுழைவுக் கட்டணம் செலுத்திய ஒவ்வொருவருக்கும் ஒரே அளவான சில்லுகள் தரப்படுகின்றன. அவை தீர்ந்தவர் எழுந்து போகிறார். கடைசியில் எல்லாச் சில்லுகளும் எவரிடம் சேர்கின்றனவோ அவருக்கு முதற் பரிசு. ஆயினும், வெறும் அடையாளப் பொருளாகிய இந்தச் சில்லுகள், ஆட்டம் தொடங்கிச் சில மணி நேரத்தில் ஒருவர் முன்னே மலையாகவும் இன்னொருவர் முன்னே மடுவாகவும் பிரிந்துவிட்ட மாத்திரத்தில், அதே சீட்டும் அதே விதிகளும் இருந்தும் ஆட்டத்தின் சுபாவமே மாறிப்போகிறது. நல்ல சீட்டை வைத்திருப்பவர் அதைக் கவிழ்த்துவிட்டு ஒதுங்குகிறார். ஒன்றுக்கும் உதவாத சீட்டை வைத்திருப்பவர் கூசாமல் பந்தயத்தை ஏற்றுகிறார். பெருங்குவியலுக்கு இப்படியொரு செல்வாக்கு எங்கிருந்து வருகிறது என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்கலாம்.

பெரிய போட்டிகளில் இன்று பெரும்பாலும் ஆடப்படுவது 'டெக்சாஸ் ஹோல்டெம்' என்னும் வகை. ஆளுக்கு இரண்டு சீட்டு மறைவாகத் தரப்படும். பின்பு மேசை நடுவே, முதலில் மூன்றும், பிறகு ஒன்றும், இறுதியில் இன்னொன்றுமாக ஐந்து பொதுச் சீட்டுகள் திறக்கப்படும். இந்த ஏழில் சிறந்த ஐந்தே ஒருவருடைய கை. ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் கட்டலாம். ஒருவர் கட்டியதற்கு மற்றவர் ஈடு கட்டலாம், அல்லது அதை ஏற்றலாம், அல்லது சீட்டைக் கவிழ்த்து, அதுவரை போட்டதை இழந்து விலகலாம். மற்ற எல்லோரும் விலகிவிட்டால், மிஞ்சியவர் தம் சீட்டைக் காட்டாமலே நடுவில் சேர்ந்த தொகையை வாரிக்கொள்வார். ரம்மி மட்டுமே ஆடிப் பழகியவர்களுக்கு இது சற்று விசித்திரமாகத் தோன்றலாம். மூன்று சீட்டு ஆடியவர்களுக்குத் தோன்றாது. ஆட்டத்தின் உயிர் இந்த விதியில்தான் இருக்கிறது. கையில் ஒன்றுமில்லாதவன் எல்லாம் இருப்பவன்போல் பந்தயம் கட்டி எதிரியை விரட்டும் யுக்திக்குப் 'பிளஃப்' என்று பெயர். ஜான் வான் நாய்மன் என்னும் மகா கணித மேதை, ஆஸ்கர் மார்கன்ஸ்டர்னுடன் சேர்ந்து 1944-ல் வெளியிட்ட ஆட்டக் கோட்பாட்டு நூலில் இந்தப் பொய்யைக்கூட ஒரு நியாயமான கணிதக் காரியமாக ஸ்தாபித்தார் என்பது, சூதாட்டத்தை வெறுக்கிறவர்களும் ரசிக்கத் தக்க விஷயம்.

பழைய கௌபாய் படங்களில் ஒரு காட்சி அடிக்கடி வரும். பணக்காரப் பண்ணையார் கட்டுக் கட்டாக நோட்டை மேசையில் வீசுவார். அந்த அளவு பணம் தன்னிடம் இல்லாத ஏழைக் கதாநாயகன், வெல்லும் சீட்டு கையில் இருந்தும், தோற்க வேண்டிய நிர்ப்பந்தத்தில் வியர்த்து நிற்பான். உண்மையான ஆட்டத்தில் இந்த அநியாயத்துக்கு இடமே கிடையாது. ஒருவர் தம் முன்னே மேசைமேல் உள்ளதற்கு மேல் பந்தயம் கட்ட வேண்டியதில்லை. தம்மிடம் இருப்பதை முழுவதும் நடுவே தள்ளி 'ஆல்-இன்' என்று சொல்லிவிட்டால், அந்த அளவுக்கு மட்டும் அவர் கடைசிவரை ஆட்டத்தில் இருப்பார். எஞ்சியவர்கள் மேற்கொண்டு கட்டுவது தனிக் கணக்காக ஒதுக்கப்படும். ஆகவே 60,000 சில்லு வைத்திருப்பவரும் 15,000 வைத்திருப்பவரும் மோதினால், அந்த மோதலின் அளவு 15,000தான். மிச்சமுள்ள 45,000 வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கும். இப்படியிருக்க, பெரிய குவியல் சிறிய குவியலை எப்படி மிரட்ட முடியும் என்று கேட்பது நியாயமான கேள்வியே.

விடை, மோதலுக்குப் பிந்திய நிலைமையில் இருக்கிறது. அந்த 15,000ஐ இழந்தால் முதலாமவருக்குக் கால்பங்கு நஷ்டம். அடுத்த சீட்டுக்குக் காத்திருப்பார். இரண்டாமவருக்கோ போட்டியே முடிந்துவிடும். பை எடுத்துக்கொண்டு விடுதி அறைக்குப் போக வேண்டியதுதான். களஞ்சியத்தில் நெல்லை வைத்துக்கொண்டு விலை ஏறட்டும் என்று இருக்கிற மிராசுதாரரும், இன்றைக்கு விற்றால்தான் இன்றிரவு உலை என்ற ஸ்திதியில் மூட்டையோடு வந்த குடியானவரும் ஒரே வியாபாரியிடம் பேரம் பேசினால், நெல் ஒரே தரமாக இருந்தாலும் குரல்கள் ஒரே தரமாக இருக்கமாட்டா. ஆட்ட மேசையிலும், பொறுத்துக்கொள்ள முடிந்தவனுடைய சொல்லுக்கும் பொறுக்க முடியாதவனுடைய சொல்லுக்கும் உள்ள தாரதம்மியமே முதற் காரணம். பெருங்குவியல்காரர் பந்தயம் கட்டும்போது அவர் கேட்கும் கேள்வி, 'உன் சீட்டு நல்லதா?' என்பதோடு நிற்பதில்லை. 'இந்தச் சீட்டுக்காக நீ செத்துப்போகத் தயாரா?' என்பதும் அதில் அடங்கியிருக்கிறது. அந்தக் கேள்வியை எதிராளி திருப்பிக் கேட்க முடியாது.

இந்தச் செல்வாக்கு காசாகும் விதத்தை ஒரு சிறு கணக்கால் காட்டலாம். ஒவ்வொரு சீட்டுப் பகிர்வுக்கும் இரண்டு பேர் கட்டாயமாகப் 'பிளைண்ட்' என்னும் முன்பந்தயம் வைக்க வேண்டும். இது நேரம் ஆக ஆக ஏறிக்கொண்டே போகும். ஒருவர் 500, மற்றொருவர் 1,000 என்றும், அதற்கு மேல் மேசையிலுள்ள ஒன்பது பேரும் ஆளுக்கு 100 என்றும் வைத்தால், எவரும் சீட்டைப் பார்க்கும் முன்பே நடுவில் 2,400 இருக்கிறது. பெரிய குவியல்காரர் தமக்கு வந்த சீட்டு எதுவானாலும் 2,500 என்று ஏற்றுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பத்துக்கு ஏழு தடவை எல்லோரும் விலகிவிட்டால், மீதி மூன்று தடவையும் அவர் போட்டதை முழுவதும் இழந்தாலும்கூட, சராசரியாக ஒவ்வொரு தடவைக்கும் 930 சில்லு லாபம் நிற்கிறது. சீட்டின் தராதரம் இந்தக் கணக்கில் எங்கேயும் வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்; மற்றவர்களுடைய தயக்கம் ஒன்றே முதல். லாபம் சேரச் சேரக் குவியல் வளர்கிறது. குவியல் வளர வளரத் தயக்கமும் வளர்கிறது. பெருஞ்செல்வம் மேலும் செல்வத்தைப் பெறும் சக்கரம் சமூகத்தில் சுழலப் பல தலைமுறைகள் ஆகலாம். இங்கே ஒரு மாலைப்பொழுது போதும்.

இனி, எல்லோரும் ஒரே அளவு தயங்குவதில்லை. இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. மிகக் குறைந்த சில்லு உள்ளவருக்குப் பயம் அதிகம் இருக்கும் என்று நாம் நினைப்போம். அனுபவம் நேர்மாறாக இருக்கிறது. பிளைண்ட் ஏறிக்கொண்டிருப்பதால் அவர் சும்மா இருந்தாலும் கரைந்துபோவார். எனவே சுமாரான சீட்டு கிடைத்தால் துணிந்து எல்லாவற்றையும் தள்ளிவிடுவார். அவரை மிரட்டிப் பயனில்லை. மெய்யாகவே நடுங்குகிறவர்கள் நடுத்தரக் குவியல்காரர்கள். தங்களைவிடக் கீழே ஒருவர் இருக்கிறார், அவர் முதலில் போய்விடுவார், அதுவரை நாம் பொறுத்திருந்தால் ஒரு படி மேலேறிவிடலாம் என்ற நம்பிக்கை அவர்களுக்கு உண்டு. இழக்கத் தக்க ஒரு பொருள் கையில் இருப்பதால் அதை இழந்துவிடுவோமோ என்ற பீதியும் உண்டு.

இந்தப் பீதியைக் கோழைத்தனம் என்று சொல்லி ஒதுக்குவதற்கில்லை, ஏனென்றால் அதற்குப் பின்னால் சுத்தமான கணிதம் இருக்கிறது. போட்டிப் பரிசு முழுவதும் முதல்வருக்கே போவதில்லை. இரண்டாமவர், மூன்றாமவர் என்று படிப்படியாகப் பிரிக்கப்படுகிறது. ஆகவே ஒருவரிடம் உள்ள சில்லுகளின் பங்கும், அவருக்கு நியாயமாக எதிர்பார்க்கத் தக்க பணத்தின் பங்கும் ஒன்றாக இருப்பதில்லை. இதை முதலில் தெளிவாக எடுத்துக் காட்டியவர்களில் ஒருவர் மேஸன் மால்மூத் என்னும் அமெரிக்கப் போக்கர் நூலாசிரியர். இன்று ஆட்டக்காரர்கள் 'ஐ.சி.எம்.' என்று சொல்லும் இந்தக் கணக்கு, டேவிட் ஹார்வில் என்பவர் 1973-ல் பல பேர் கலந்துகொள்ளும் பந்தயங்களுக்காக வகுத்த சூத்திரத்தின் வழியில் அமைந்தது.

உதாரணமாக, ஒரு போட்டியில் மூன்று பேர் எஞ்சியிருக்கிறார்கள். பரிசுகள் 50 ரூபாய், 30 ரூபாய், 20 ரூபாய். சில்லுகள் முறையே 5,000, 3,000, 2,000. இந்தச் சூத்திரப்படி முதலாமவருடைய நிலைமையின் மதிப்பு 38 ரூபாய் 39 காசு. இரண்டாமவருக்கு 32 ரூபாய் 75 காசு. மூன்றாமவருக்கு 28 ரூபாய் 86 காசு. பாதிச் சில்லுகளை வைத்திருப்பவருக்குப் பாதிப் பணம் இல்லை. ஐந்தில் ஒரு பங்கு வைத்திருப்பவருக்கோ கால்பங்குக்கும் மேல். இப்பொழுது முதலாமவர் ஆல்-இன் என்று தள்ளுகிறார். இரண்டாமவர் ஈடு கட்டலாமா? தோற்றால் அவருக்கு மூன்றாம் பரிசாகிய 20 ரூபாய். அதாவது 12 ரூபாய் 75 காசு நஷ்டம். வென்றால் அவரிடம் 6,000 சில்லு சேர்ந்து அவருடைய மதிப்பு 41 ரூபாயாகும். லாபம் 8 ரூபாய் 25 காசுதான். ஆகவே நூற்றுக்கு 61 தடவையாவது வெல்லக்கூடிய சீட்டு இருந்தாலொழிய அவர் ஈடு கட்டுவது அவிவேகம். அதே மோதலில் முதலாமவருக்கு நூற்றுக்கு 54 தடவை வெற்றி போதும். இவர்கள் இருவரும் முட்டிக்கொள்ளும்போது கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மூன்றாமவருக்கு, எவர் வென்றாலும் லாபமே: பெரியவர் வென்றால் அவருடைய மதிப்பு 34 ரூபாயாகவும், நடுத்தரக்காரர் வென்றால் 29 ரூபாய் 50 காசாகவும் உயர்கிறது. சண்டையில் கலந்துகொள்ளாதவனுக்குப் பரிசு கிடைக்கும் இத்தகைய மேசையில், சண்டைக்குக் கூப்பிடுகிறவனுக்கு எத்தனை அதிகாரம் இருக்கும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

பெரிய போட்டிகளில் இன்னும் ஒரே ஒருவர் வெளியேறினால் மற்ற எல்லோருக்கும் பரிசு நிச்சயம் என்ற கட்டம் ஒன்று வரும். அதை ஆட்டக்காரர்கள் 'பபிள்' என்பார்கள். பல நாள் உழைத்தவர்கள் அந்த ஒருவராகத் தாம் ஆகிவிடக் கூடாதே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு, வந்த சீட்டையெல்லாம் கவிழ்த்துக்கொண்டிருக்க, பெருங்குவியல்காரர் மட்டும் தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்ததுபோல் பிளைண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே போவார்.

மனோதத்துவ சாஸ்திரம் இதோடு இன்னொன்றையும் சேர்க்கிறது. டேனியல் கானமன், அமோஸ் ட்வெர்ஸ்கி என்னும் இருவர் 1979-ல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆராய்ச்சி, சம அளவான லாபத்தால் விளையும் சந்தோஷத்தைக் காட்டிலும் நஷ்டத்தால் விளையும் துக்கமே மனிதருக்கு அதிகக் கனமாகத் தோன்றுகிறது என்று காட்டியது. இதை மேலே கண்ட கணக்கோடு பொருத்திப் பார்த்தால், 61 தடவை வென்றால் போதும் என்ற இடத்தில் சாதாரண மனிதர் 70, 75 தடவை நிச்சயம் இருந்தால்தான் அசைவார் என்று எதிர்பார்க்கலாம். கணிதம் அனுமதிக்கும் பயத்துக்கும் உள்ளத்தில் உண்மையாக எழும் பயத்துக்கும் இடையே உள்ள அந்தக் கூடுதலான பகுதியே, பெருங்குவியலின் மனோதத்துவ லாபம் என்று நான் சொல்ல விரும்புவது. சீட்டு ஆடத் தெரிந்தவர்கள் அதைச் சாமர்த்தியமாக அறுவடை செய்கிறார்கள்.

இதற்குப் பிரசித்தமான உதாரணம் 2006-ல் லாஸ் வேகஸ் நகரத்து ரியோ விடுதியில் நடந்த உலகப் போக்கர்த் தொடரின் பிரதானப் போட்டி. நுழைவுக் கட்டணம் 10,000 டாலர். அந்த வருஷம் கலந்துகொண்டவர்கள் 8,773 பேர். முதற் பரிசு ஒரு கோடியே இருபது லட்சம் டாலர். ஜேமி கோல்டு என்னும் தொலைக்காட்சித் தயாரிப்பாளர், போட்டியின் நடுவிலேயே முதலிடத்துக்கு வந்து, பிறகு அந்த இடத்தை எவருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. ஒன்பது பேர் அமர்ந்த இறுதி மேசைக்கு வரும்போது, மொத்தம் இருந்த சுமார் ஒன்பது கோடிச் சில்லுகளில் இரண்டரைக் கோடிக்கு மேல் அவரிடம் இருந்தன. எதிரிகள் எண்மரில் எழுவரை வெளியேற்றியவர் அவரே. அவர் தொழில்முறை ஆட்டக்காரர் அல்லர். அவரைக் காட்டிலும் தேர்ந்தவர் என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட ஆலன் கன்னிங்ஹாம் அதே மேசையில் இருந்து நான்காவதாக வெளியேறினார். கோல்டு ஓயாமல் பேசிக்கொண்டே ஆடுவார். சில சமயம் தம் கையில் என்ன இருக்கிறது என்பதை உள்ளபடியே சொல்லியும் விடுவார். உண்மையையே பொய்போல் சொல்லக் கேட்ட எதிரிகள் ஈடு கட்டுவதா, விலகுவதா என்று தவித்தார்கள். நாவன்மை சிறிது உதவியிருக்கலாம். ஆனால் அதே பேச்சைப் பத்தில் ஒரு பங்கு சில்லு வைத்திருந்த ஒருவர் பேசியிருந்தால், அதை எவரும் காதில் போட்டுக்கொண்டிருக்கமாட்டார்கள் என்பது என் அபிப்பிராயம்.

மூன்று பேர் எஞ்சியிருந்தபோது நடந்த ஒரு கை, நான் மேலே எழுதிய சூத்திரத்துக்கு உயிருள்ள பாஷ்யம். கோல்டு, மைக்கேல் பிங்கர், பால் வசீக்கா ஆகிய மூவரும் ஆட்டத்தில் இருக்க, நடுவில் பத்து, ஆறு, ஐந்து என்று மூன்று சீட்டுகள் விழுந்தன. ஆறும் ஐந்தும் ஸ்பேட். வசீக்காவின் கையில் ஸ்பேட் எட்டும் ஏழும். அவருக்கு இன்னும் ஒன்றும் அமையவில்லையெனினும், அவர் காணாத 47 சீட்டுகளில் 15 சீட்டுகள் அவருக்கு வரிசையாகவோ ஒரே ஜாதியாகவோ கையைப் பூர்த்தி செய்யும். இன்னும் இரண்டு சீட்டு விழ வேண்டியிருந்ததால், பூர்த்தியாகும் வாய்ப்பு பாதிக்கும் அதிகம். சில்லுகளை மட்டும் கணக்கிட்டால் இறங்க வேண்டிய கை அது. பிங்கர் பந்தயம் கட்டினார். கோல்டு, தம் கையில் இருந்த அற்ப நான்கையும் மூன்றையும் நம்பி ஆல்-இன் என்று தள்ளினார். வசீக்கா சீட்டைக் கவிழ்த்தார். பிங்கர் ஈடு கட்டினார். அடுத்து ஏழு விழுந்து கோல்டுக்கு வரிசை அமைந்தது. பிங்கர் மூன்றாவதாக எழுந்து போனார். மூன்றாம் பரிசு சுமார் 41 லட்சம் டாலர், இரண்டாம் பரிசு சுமார் 61 லட்சம். சீட்டைக் கவிழ்த்த அந்த ஒரு கைவீச்சில் வசீக்கா ஏறக்குறைய 20 லட்சம் டாலர் சம்பாதித்துவிட்டார் என்று சொல்லலாம். பரிசுக் கணக்குப்படி பார்த்தால் அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்தத் தீர்மானத்தால் பெரிய குவியல்காரர் அடைந்த உதவியையும் மறைக்க முடியாது: நாலும் மூன்றும் வைத்திருந்தவர், தம்மை வெல்லக்கூடிய இரண்டு எதிரிகளில் ஒருவரை வெறும் குவியலைக் காட்டியே விரட்டிவிட்டார்.

இந்தச் செல்வாக்கில் கண்ணுக்குத் தெரியும் கோபுரத்தின் பங்கு எவ்வளவு என்று கேட்கலாம். சிலர் சில்லுகளைக் கோட்டை மதில்போல் அடுக்கி அதன் பின்னாலிருந்து பார்ப்பார்கள். சிலர் இரண்டு சிறு அடுக்குகளை ஒரு கையால் கலந்து கலந்து கடகடவென்று ஓசை எழுப்பிக்கொண்டிருப்பார்கள். பெரிய மதிப்புள்ள சில்லுகளை எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்க வேண்டும் என்று போட்டி விதிகள் வற்புறுத்துவதால், பலத்தை ஒளித்து வைக்கவும் வழியில்லை. இவையெல்லாம் புதியவர்களைக் கலங்க அடிக்கும் என்பது மெய்யே. ஆயினும், கணினித் திரையில் நடக்கும் போட்டிகளில் கோபுரமும் இல்லை, கடகட ஓசையும் இல்லை, பெயருக்குக் கீழே ஓர் எண் மட்டுமே நிற்கிறது. அங்கேயும் பபிள் நேரத்தில் பெரிய எண்ணுக்கு முன்னால் சிறிய எண்கள் அப்படியே பதுங்குகின்றன. ஆகையால் காட்சியின் பங்கு சொற்பம் என்றே கொள்ள வேண்டும்.

இன்னும் தெளிவான பரீட்சை, போட்டியல்லாத பண ஆட்டம். அங்கே சில்லுக்கு அதன் மேல் எழுதிய மதிப்பு உண்டு, தோற்றவர் மீண்டும் பணம் கொடுத்துச் சில்லு வாங்கி அதே நாற்காலியில் உட்காரலாம், பரிசுப் படிகள் கிடையா, பிளைண்டும் ஏறாது. அந்த மேசையில் 200 டாலர் வைத்திருப்பவருக்கு எதிரே 2,000 டாலர் வைத்திருப்பவரின் மிச்சமுள்ள 1,800 டாலர், அவருடன் மோதும்போது அலங்காரம் மாத்திரமே. அங்கே பெருங்குவியல்காரரைக் கண்டு அஞ்சுகிறவர் காரணமின்றி அஞ்சுகிறார். மரணம் இறுதியானதாக இருக்கும் இடத்தில்தான் கொல்லக்கூடியவனுக்கு மரியாதை.

மற்றவர்களுடைய மனத்தைப் பற்றியே இதுவரை பேசினோம். குவியலுக்குச் சொந்தக்காரருடைய மனம் என்ன ஆகிறது? நிதானம் உள்ளவருக்கு அது அவசரமின்மையைத் தருகிறது. ஒரு கை போனால் போகட்டும் என்று பொறுத்திருக்க முடிவதால் அவருடைய தீர்ப்பில் தெளிவு கூடுகிறது. 2015-ல் நடந்த உலகப் போக்கர்த் தொடரின் பிரதானப் போட்டியில் பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஜோ மெக்கீஹன், மொத்தம் 19 கோடியே 26 லட்சம் சில்லுகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கோடு, அடுத்தவரிடம் தம்மில் பாதிகூட இல்லாத நிலையில் இறுதி மேசைக்கு வந்து, ஆர்ப்பாட்டம் எதுவும் இல்லாமல் மேசையை நெருக்கிக்கொண்டே போய் வென்றதை இதற்குத் திருஷ்டாந்தமாகச் சொல்லலாம். ஆனால் எல்லோருக்கும் இந்த நிதானம் வாய்ப்பதில்லை. ரிச்சர்டு தேலரும் எரிக் ஜான்சனும் 1990-ல் எழுதிய ஆராய்ச்சியில், அண்மையில் ஜெயித்த பணத்தை மனிதர் தம் சொந்தப் பணமாகப் பாவிக்காமல், சூதாட்ட விடுதியின் பணத்தையே திருப்பி ஆடுவதுபோல் துணிச்சலாகச் செலவிடுகிறார்கள் என்று எடுத்துக் காட்டினார்கள். பெருங்குவியல் சேர்ந்தவுடன் எல்லாக் கையிலும் இறங்கி, எதிரி தள்ளும் ஒவ்வொரு ஆல்-இன்னுக்கும் 'எனக்கென்ன நஷ்டம்' என்று ஈடு கட்டி, ஒரு மணி நேரத்தில் நடுத்தரக்காரராகிவிடும் ஆட்டக்காரர்கள் எந்தப் போட்டியிலும் காணக்கூடியவர்களே. குவியலின் பலம் பந்தயம் கட்டுவதில் இருக்கிறது. ஈடு கட்டுவதில் இல்லை. எதிரி ஏற்கெனவே எல்லாவற்றையும் தள்ளிவிட்ட பிறகு அவரைப் பயமுறுத்த ஒன்றும் பாக்கியில்லை. அப்பொழுது சீட்டு மட்டுமே பேசும்.

தோற்றுக்கொண்டிருப்பவருடைய மனமும் நாம் நினைக்கிறபடி எப்பொழுதும் ஒடுங்கிப் போவதில்லை. கேரி ஸ்மித்தும் அவருடைய சகாக்களும் 2009-ல் வெளியிட்ட ஆராய்ச்சி, கணினி வழியே பண ஆட்டம் ஆடிய அனுபவசாலிகள், பெரிய நஷ்டத்துக்குப் பிறகு வழக்கத்தைவிட எச்சரிக்கை குறைந்து ஆடினார்கள் என்று கண்டது. இழந்ததை மீட்க வேண்டும் என்ற வெறி அது. பெருங்குவியல்காரர் இதை மறந்து, அடிபட்டுச் சினந்திருப்பவரைப் பிளஃப் செய்து விரட்டப் பார்த்தால் காயப்படுவார். அத்தகையவருக்கு எதிரே நல்ல சீட்டுக்குக் காத்திருப்பதே உத்தமம்.

பெருங்குவியல் பெரும்பாலும் வெல்கிறது, எப்பொழுதும் அல்ல. அதே பிரதானப் போட்டியில், 2009-ல் மேரிலாந்து மாநிலத்து மரம்வெட்டும் தொழிலாளியாகிய டார்வின் மூன், மொத்தச் சில்லுகளில் நூற்றுக்கு முப்பது பங்கோடு இறுதி மேசைக்கு வந்தார். அங்கே ஒரு சமயம் நூற்றில் ஒரு பங்கு அளவுக்கு இளைத்துப்போயிருந்த ஜோ காடா என்னும் 21 வயது இளைஞர், அடுத்தடுத்து ஆல்-இன்னில் பிழைத்து, கடைசியில் அவரையே வென்றார். 2014-ல் ஸ்வீடன் தேசத்து மார்ட்டின் யாக்கப்சன் ஒன்பது பேரில் எட்டாவது இடத்தில் இருந்து தொடங்கி ஒரு கோடி டாலர் பரிசைப் பெற்றார். 1982-ல் ஜாக் ஸ்ட்ராஸ், எல்லாம் போயிற்று என்று எழுந்திருக்கையில் ஒற்றைச் சில்லு மிஞ்சியிருக்கக் கண்டு, மறுபடி உட்கார்ந்து அந்த வருஷப் பட்டத்தையே வென்ற கதையைப் போக்கர் உலகம் இன்றும் சொல்லிச் சொல்லி மகிழ்கிறது. ஒரு சில்லும் ஒரு நாற்காலியும் இருந்தால் போதும் என்ற வழக்கு அந்தக் கதையோடு ஒட்டிக்கொண்டது. இவை நினைவில் நிற்பதற்குக் காரணம் இவற்றின் அபூர்வமே. சம சாமர்த்தியமுள்ள இருவர் கடைசிவரை ஆடினால், ஒருவர் வெல்லும் வாய்ப்பு அவரிடமுள்ள சில்லுகளின் பங்குக்குச் சமம் என்பது பாஸ்கல், ஃபெர்மா காலத்திலிருந்தே கணித சாஸ்திரிகள் அறிந்தது. பத்தில் ஒன்பது பங்கு வைத்திருப்பவர் பத்துக்கு ஒன்பது தடவை வெல்வார்.

அந்தக் கணக்கு தனியாக நிற்கும் இடமும் ஒன்று உண்டு. இருவர் மட்டும் எஞ்சும் கட்டம். அங்கே இரண்டாம் பரிசு இருவருக்கும் நிச்சயமாகிவிட்டது; மேலே ஏற ஒரே படிதான்; கீழே எவரும் இல்லை, காத்திருந்து லாபமடைய வழியுமில்லை. பெருங்குவியல் அங்கே பெரிய எண்தான். அச்சுறுத்தும் பொருள் அல்ல. 2006-ன் கடைசிக் கையில் வசீக்காவிடம் இரண்டு பத்துகள் இருந்தன. நடுவில் ராணியும் எட்டும் ஐந்தும் விழுந்தன. கோல்டு வழக்கம்போல் பேசிக்கொண்டே ஆல்-இன் என்று தள்ளினார். சற்று முன்னே அதைவிடச் சிக்கலான, ஒருவிதத்தில் அதைவிடச் சிறந்த கையைக் கவிழ்த்த அதே மனிதர், அதே எதிரிக்கு முன்னால், இம்முறை ஈடு கட்டினார். கோல்டிடம் ஒரு ராணி இருந்தது.